துடிக்கும் கலம் எவ்வினத்தது?

மனித இருதயம் ஒரே வகைத் தசையாலானதன்று. குருதியை ஏற்கும் மேலறைகள் இரண்டையும் சோணையறைகள் என்பர். அதனை நுரையீரலுக்கும் உடலுக்கும் உந்தியனுப்பும் கீழறைகள் இரண்டும் இதயவறைகளாம். இவ்விருவகை அறைகளின் தசைக்கலங்களும் தம்முள் வேறுபட்டவை. இவற்றுக்கும் வேறாக, வலது சோணையறையின் மேற்பாகத்தில் ஒரு சிறு கணு உண்டு. கூத்தில் ஆடுவோர் பலரெனினும் அண்ணாவியாரின் தாளத்துக்கே ஆட்டம் நிகழ்வதுபோல, இக்கணுவிலுள்ள கலங்கள் எழுப்பும் துடிப்பையே ஏனைய கலங்கள் பின்பற்றுகின்றன.

உடலின் எவ்வகைக் கலமாகவும் மாறவல்ல ஆதிக்கலங்களைக் குருத்துக்கலங்கள் எனலாம். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தொம்சன் குழுவினர், மனித முளையத்திலிருந்து இவற்றைப் பிரித்து வளர்த்தனர். 2007இல் யப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா குழுவினர், வளர்ந்த மனிதரின் தோற்கலங்களையே குருத்து நிலைக்கு மீட்டுக் காட்டினர். இக்கலங்களைத் தக்க புரதங்களாலோ மருந்துகளாலோ உரிய முறைப்படி தூண்டினால், ஏறக்குறைய இரு வாரங்களுக்குள் அவை ஆய்வுகூடத் தட்டிலேயே துடிக்கத் தொடங்குகின்றன.

துடிக்கும் கலம் இருதயத் தசைக்கலமே. ஆயின் அது எவ்வறைக்குரியது? இவ்வினாவுக்கு விடை காணாது மேற்செல்லுதல் ஆபத்தானது. மாரடைப்பினால் அழிந்த இதயவறைத் தசை போதிய அளவு மீண்டும் வளர்வதில்லை. அவ்விடத்தில் தழும்பே எஞ்சுகிறது. அதனை ஈடுசெய்ய இடப்படும் கலங்களிடையே, தாமே தாளமிடும் கணுக்கலங்களும் கலந்திருந்தால் என்னாகும்? ஓரரங்கில் இரு தாளம் ஒலித்தது போலாகும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதக் குருத்துக்கலங்களினின்று வளர்த்த இருதயக் கலங்கள் குரங்குகளின் பழுதுற்ற இருதயங்களில் இடப்பட்டன. அவை உயிர்வாழ்ந்து, குரங்கின் தசையோடு இணைந்து துடித்தன. எனினும் துடிப்பு ஒழுங்கு கெடுதலும் உடன் காணப்பட்டது.

இனங்காணும் வழிகளுள் முதலாவது மின்னியல் வழியாகும். ஏர்வின் நேஹர், பேர்ட் சக்மான் எனும் ஜேர்மானிய அறிஞர் இருவர் வகுத்து, 1991இல் நோபல் பரிசு பெற்ற முறை இதற்கு உதவுகிறது. மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைக் கலத்தின் மென்சவ்விற் பொருத்தி, மின்னழுத்த மாற்றத்தை வரைகோடாகப் பதிவு செய்வர். வளர்ந்த இதயவறைக் கலத்தின் கோடு விரைந்தெழுந்து, மேட்டுநிலம்போற் சிறிது நின்று, பின் இறங்கும். சோணையறைக் கலத்தின் கோடு எழுந்தவுடன் முக்கோண வடிவிற் சரியும். கணுக்கலத்தின் கோடோ ஓய்விலும் நிலைத்திராது, மெல்ல மெல்ல ஏறித் தானே அடுத்த துடிப்பைத் தொடக்கும். 2003இல் விஸ்கொன்சின் ஆய்வாளர் இம்மூவகைக் கோடுகளையும் குருத்துக்கலங்களினின்று பிறந்த கலங்களிற் கண்டனர்.

இரண்டாவது வழி, கலத்தினுள் இருக்கும் புரதங்களை நோக்குவதாகும். தசைச் சுருக்கத்துக்குரிய மயோசினின் ஒரு கூறு, முதிர்ந்த இதயவறைக் கலத்தில் ஒரு வடிவிலும் சோணையறைக் கலத்தில் வேறொரு வடிவிலும் இருக்கிறது. ஒளிரும் சாயம் சேர்த்த பிறபொருளெதிரிகளைக் கொண்டு அவற்றை நுணுக்குக்காட்டியிற் காணலாம். மூன்றாவதாக, எந்தெந்தப் பரம்பரையலகுகள் தொழிற்படுகின்றன என்பதைக் கலம் கலமாக வாசிக்கும் முறையும் இன்று கைவந்துள்ளது.

எனினும் இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்பளித்தல் தகாது. தட்டில் வளரும் கலங்கள் இளமையானவை. முதிர்ந்த இருதயத்தில் கட்டளைக்குக் காத்திருக்கும் இதயவறைக் கலம், இங்கே தானாகவே துடிக்கும். இளங்கலமொன்றில் மயோசினின் அவ்விரு வடிவங்களும் ஒருங்கே இருத்தலும் உண்டு. கலங்கள் எவ்வளவு நெருங்கி வளர்கின்றன என்பதைப் பொறுத்தே மின்கோட்டின் வடிவம் மாறக்கூடுமென இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் 2015இல் காட்டினர். ஆதலின் கோடும் புரதமும் பரம்பரையலகும் ஒன்றுக்கொன்று சான்றாதல் வேண்டும்.

வேண்டிய இனத்தையே வளர்த்தெடுக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. உயிர்ச்சத்து ஏயிலிருந்து பிறக்கும் ரெற்றினோயிக் அமிலத்தை உரிய காலத்திற் சேர்த்தால், கலங்கள் பெரும்பாலும் சோணையறை வழியிற் செல்கின்றன. சோணையறைத் துடிப்புக் கோளாறுக்கான மருந்தைச் சோதிக்க அக்கலங்களே தேவை. மாரடைப்புத் தழும்பை ஈடுசெய்ய இதயவறைக் கலங்களே தேவை. நோயாளியின் இருதயத்தில் இட்டபின் ஒரு கலத்தின் இனத்தை அறிந்து பயனில்லை. அதனைத் தட்டிலிருக்கும்போதே அறிந்துவிட வேண்டும்.