வரைபடத்தில் விழாத வடலிகள்

வடலியைப் பார்த்து, இது ஆண்பனை, இது பெண்பனை என்று சொல்ல யாழ்ப்பாணத்தில் யாராலும் முடியாது. பாளை வந்தால்தான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு வருடமும் செல்லும், இருபது வருடமும் செல்லும். நாட்டின் சட்டமோ பெண்பனையைத்தான் பெயர் சொல்லிக் காக்கிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை இவற்றைத் தறிப்பதென்றால் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். பாளை வராத வடலிக்கு யார் போய் அனுமதி கேட்பது? பெக்கோ வந்து ஒரு காலைக்குள் முப்பது வடலியைச் சாய்த்துவிட்டுப் போகும். அதில் பாதியாவது பெண்ணாக இருந்திருக்கும் என்று பிறகு திண்ணையில் இருந்து கணக்குப் பார்க்கலாம்.

தீவகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும். பண்ணைப் பாலத்தைத் தாண்டி அல்லைப்பிட்டி, வேலணை என்று பஸ் போகையில் வழியெங்கும் கூரையில்லாத வீடுகள். 1990இல் படை நடவடிக்கையோடு சனம் வெளிக்கிட்ட வளவுகள். சுவரைப் பிளந்துகொண்டு ஆல் நிற்கும். குசினி இருந்த இடத்தில் வேம்பு. பின்வளவு முழுக்க வடலிக்கூடல். ஆளில்லாத முப்பது வருடத்தில் மரங்கள் தங்கள் பாட்டில் குடியேறிவிட்டன. இப்படிப்பட்ட காணியில் எதைக் கட்டப்போனாலும் முதல் வேலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘துப்பரவாக்கல்’. வளர்ந்த மரத்தைக் குப்பைக் கணக்கில் சேர்க்கும் சொல் இது.

கட்டடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பட்டறை, விடுதி, கூடம் எல்லாம் சேர்ந்த ஒரு தொழிற்பயிற்சி வளாகம் தீவகத்துக்கென்றே வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் எல்லாவற்றையும் இணைத்து மின்சாரம் எடுக்க 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 1700 கிலோவாற் சூரிய மின்சாரம், 530 கிலோவாற் காற்று மின்சாரம். நல்லது. கருகிய இன்வேர்ட்டரை யார் மாற்றுவது? காற்றாடி நின்றுவிட்டால் யார் ஏறிப் பார்ப்பது? கொழும்பிலிருந்து ஆள் வந்து குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்க, அங்கே ஒரு தீவே இருட்டில் கிடக்கும். பைபர் படகின் ஓட்டை அடைக்க, எஞ்சின் பிரித்துப் பூட்ட, குழாய் பொருத்த, குளிர்சாதனப் பெட்டி திருத்த, எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கைத்தொழில் தீவகத்துக்குப் புதிதும் அல்ல. நயினாதீவில் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு என்று அது சொல்கிறது. வெளிநாட்டார் வந்து இறங்க வேண்டிய இடமாக ஊராத்துறையை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையைக் குறிக்கிறது. கப்பல் வந்து போன துறையில் தச்சனும் கொல்லனும் பாய் தைப்பவனும் இல்லாமல் இருந்திருப்பார்களா? காரைநகரில் நோர்வே உதவியோடு வந்த சீநோர் படகுத் தொழிற்சாலை எங்கள் தகப்பன்மார் காலத்துக் கதை.

இன்றைக்கு ஒரு நெடுந்தீவுப் பிள்ளை பெரிய வளாகத்தில் தொழில் படிப்பதென்றால், யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வரலாம். இல்லாவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போகலாம். அங்கே ஜேர்மன் உதவியோடு 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வடக்கில் தொழிற்பயிற்சிக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய வளாகம் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த மாதிரியை அப்படியே தூக்கிவந்து தீவில் இறக்கலாமா என்று கேட்டால், நான் தலையாட்ட மாட்டேன். வன்னியில் நிலம் பரந்தது, மண் ஆழமானது. தீவில் சுண்ணாம்புக் கல்லின் மேல் ஒரு போர்வை போல மண். சில இடத்தில் மண்வெட்டி இரண்டாம் கொத்திலேயே கல்லில் பட்டு ‘டங்’ என்னும்.

அந்தப் போர்வையைப் பிடித்து வைத்திருப்பது மரம். வைகாசி பிறந்தால் சோளகம் உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வீசும். காற்றுப் பக்கம் பனை வரிசை நிற்கிற வளவில் மல்லிகை பூக்கும்; வரிசையில்லாத வளவில் கத்தரிக் கன்று கருகும். நிலத்துக்கு அடியில் கதை இன்னும் நுட்பமானது. மாரியில் இறங்கும் மழைநீர் கல்லின் துளைகளுக்குள் போய், கடலிலிருந்து ஊறிவரும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. தீவுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் என்பது அந்தப் படலம்தான். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலே வரும். மரத்தை எடுத்து, நிலத்தைச் சமப்படுத்தி, கொங்கிறீற் ஊற்றிவிட்டால் மழை உள்ளே போக வழியின்றி மதகால் கடலுக்குப் போய்விடும்.

ஒரு வேம்பின் சாவைக் கிட்ட நின்று பார்த்தவன் நான். தீவகத்தில் அல்ல, குடாநாட்டுக்குள்ளே ஒரு பயிற்சி நிலையத்தில். பெயர் வேண்டாம். அந்த வேம்பைத் தறிக்கக் கூடாது என்று கூட்டம் வைத்துத் தீர்மானம் எடுத்தார்கள். கட்டட ஒப்பந்தக்காரரும் தறிக்கவில்லை. ஆனால் மாரியில் வெள்ளம் நிற்கிறது என்று வளவு முழுக்க இரண்டடிக்கு மண் போட்டு உயர்த்தினார்கள். வேம்பைச் சுற்றி வட்டமாகக் கல் கட்டி, உள்ளேயும் மண் நிரப்பி, மேலே சிவப்பு ஓடு பதித்தார்கள். சீமெந்துச் சட்டி கழுவிய தண்ணீர் முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் போனது. ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய்க்காகக் கிடங்கு வெட்டியபோது கைத்தடி மொத்தத்தில் இரண்டு வேர் அறுந்து கிடந்தது. மேசன் வேலைக்கு நின்ற ஐயாவிடம் கேட்டேன். “உது ஒண்டும் செய்யாது தம்பி, வேர் திரும்ப விடும்” என்றார். முதல் வருடம் வேம்பு வழக்கத்தைவிட நன்றாகப் பூத்தது. எல்லோருக்கும் சந்தோசம். சாகப்போகிற மரம் சிலவேளை அப்படிப் பூக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டாம் வருடம் உச்சிக் கொப்புகள் காய்ந்தன. மூன்றாம் வருடம் தறித்தார்கள். கோடரி படாமல் செத்த மரம், ஆகையால் குற்றவாளி யாரும் இல்லை.

மரத்தின் வேர் கிணற்றுக் கயிறு போல நேரே கீழே போகிறது என்று நினைப்பதால் வரும் வினை இது. உணவும் தண்ணீரும் எடுக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றரை இரண்டு அடிக்குள்ளேயே படர்ந்திருக்கும். அவற்றுக்கு மூச்சு விடக் காற்றும் வேண்டும். தீவில் அடியில் கல் இருப்பதால் இன்னும் மேலாக, இன்னும் அகலமாக ஓடும். மரம் காப்பவர்கள் ஒரு இலகு கணக்கு வைத்திருக்கிறார்கள். நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்கு. ஒன்றரை அடி விட்டமுள்ள வேம்பென்றால் பதினெட்டு அடி. அடிமரத்திலிருந்து அத்தனை அடி தூரத்துக்கு வெட்டவும் கூடாது, நிரப்பவும் கூடாது, லொறி விடவும் கூடாது, கல்லும் மணலும் குவிக்கவும் கூடாது. முதலாம் நாளே கதியால் நட்டுச் சுற்றி வேலி அடைத்துவிட வேண்டும். நாடா கட்டினால் போதாது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு யாராவது அதை அவிழ்த்துக் கம்பி கட்டப் பயன்படுத்துவார்கள்.

பனை வேறு சாதி. ஆணிவேர் இல்லை, கொத்துக் கொத்தாக நார்வேர்.  பிடுங்கி வேறிடத்தில் நட்டுப் பிழைக்க வைப்பது இலேசில் நடக்கிற காரியம் அல்ல. நிற்கிற இடத்தில் விடு, அல்லது இழந்துவிடு.

எல்லா மரத்தையும் விடு என்றும் சொல்ல மாட்டேன். தகரக் கூரைப் பட்டறையின் மேல் சாய்ந்து நிற்கும் முதுபனை காவோலையும் பனம்பழமும் போடும். கீழே பிள்ளைகள் வெல்டிங் பழகுவார்கள். அந்தப் பனையோடு உணர்ச்சிவசப்பட முடியாது. ஒன்றில் பனை போக வேண்டும், அல்லது பட்டறை இருபது அடி தள்ளிப் போக வேண்டும். கடதாசியில் இருக்கும்போது பட்டறையைத் தள்ளுவதற்கு ஒரு அழிறப்பர் போதும். இப்பில் இப்பில் புதர்களுக்காகவும் யாரும் கண்ணீர் விடத் தேவையில்லை; ஆட்டுக்குப் போடலாம். வீட்டுச் சுவருக்குள் முளைத்த ஆலுக்குத்தான் எனக்கு விடை தெரியவில்லை. சுவரைக் காத்தால் ஆல் போகும், ஆலைக் காத்தால் சுவர் போகும்.

தள்ளிப்போகத் தெரிந்த கட்டடங்கள் உலகில் இல்லாமல் இல்லை. கடல் கடந்தால் திருவனந்தபுரம். 1971இல் பொருளியலாளர் கே. என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு அந்நகரின் உள்ளூர் என்னும் பகுதியில் ஒரு மரச்செறிவான குன்றில் லாரி பேக்கர் கட்டடம் கட்டினார். மரம் குறுக்கே நின்ற இடத்தில் சுவர் வளைந்து போகும். நேர்ச்சுவர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே இல்லை. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சாளரச் சுவர்களால் காற்று உள்ளே வரும், வெயில் வெளியே நிற்கும். தெற்கே ஹங்வெல்லையில் ஜெப்ரி பாவா 1960களின் நடுவில் பெண்பிள்ளைகளுக்கான ஒரு பண்ணைப் பயிற்சிப் பள்ளியைக் கட்டினார். தொழிற்பயிற்சி நிலையம் என்றால் தொழிற்சாலைக் கொட்டகை போலத்தான் இருக்க வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை.

பேக்கரின் சாளரச் சுவரைப் படத்தில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது நெடுந்தீவுக் கல்வேலி. பவளப் பாறைக் கற்களை ஒன்றோடொன்று கோர்த்து, சாந்து ஒரு கரண்டி இல்லாமல் இடுப்புயரத்துக்கு அடுக்கிய வேலி. சோளகம் அதில் மோதி வேலியைத் தள்ளாமல், கல்லிடுக்குகளால் பிரிந்து வலிமை குறைந்து உள்ளே போகும். அதற்குக் கல் தெரிவு தெரிந்த கை வேண்டும். எந்தக் கல் அடியில், எந்தக் கல் நெற்றியில், எதைச் சரித்து வைப்பது என்று பாடப்புத்தகத்தில் இல்லை. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழில் மேசன் வேலைக்கு இடம் இருக்கிறது. கல்வேலி அடுக்கும் கைக்கு ஒரு வரி எழுதிக்கொள்வதில் என்ன தடை?

பனையும் அப்படித்தான். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கடல் கடந்து விற்கப்பட்டது. வைரம் பாய்ந்த பனஞ்சலாகையைக் கறையான் எளிதில் தொடாது. எங்கள் பழைய வீட்டுக் கூரைகள் அதற்குச் சாட்சி. பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. ஆனால் பனை என்றவுடன் நாங்கள் கைப்பணிப் பொருளையும் பனங்கட்டியையும் பேசுகிறோம், மரவேலையைப் பேசுவதில்லை. வளாகத்துக்காக நான்கு பனை தறிக்கத்தான் வேண்டுமென்றால், அவற்றை விறகுக்கு விலைபேசாமல், முதல் தொகுதிப் பயிலுநர்கள் பிளந்து, சீவி, தங்கள் மரவேலைக் கூடத்தின் கூரைக்கே ஏற்றலாம். நார் கையில் ஏறும், உளி மழுங்கும். பனையில் உளி பிடித்துப் பழகியவனுக்கு மற்ற மரம் வெண்ணெய்.

நெடுந்தீவில் பெருக்கு மரம் ஒன்று இருக்கிறது. ஆபிரிக்க மரம், கடல்வழி வந்தவர்கள் கொண்டுவந்தது. அடியில் பொந்து. குனிந்து உள்ளே போனால் சில பேர் நிற்கலாம். வெளியே வெயில் கொதிக்க, உள்ளே பானைக்குள் இருப்பது போலக் குளிர். மன்னார் பள்ளிமுனையில் இதன் பெரிய உறவு நிற்கிறது, சுற்றளவு 19.5 மீற்றர். சுற்றுலா வருபவர்கள் இவற்றோடு படம் எடுக்கிறார்கள். பெருக்கைக் காப்பது இலேசு, ஏனென்றால் அது அரிய மரம். ஆயிரமாயிரமாய் நிற்கும் வடலியைத்தான் யாரும் எண்ணுவதில்லை.

எண்ண வேண்டும். நில அளவைப் படத்தில் எல்லைக்கல் விழுகிறது, கிணறு விழுகிறது, வேலி விழுகிறது. மரத்தைக் குறி என்று கேட்டால்தான் குறிப்பார்கள். அந்தக் கேள்வி கட்டடக் கலைஞருக்கு முன்னே போக வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு இலக்கம், பெயர், சுற்றளவு. வடலிக்கும் சேர்த்துத்தான். இருநூறு வடலியை எண்ண ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு ஒரு காலை போதும்.

விடுதி வந்தால் தண்ணீர்க் கேள்வியும் வரும். ஆயிரம் சதுர மீற்றர் கூரை, வருடத்தில் 1000 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால் பத்து இலட்சம் லீற்றர். நூறு பேர், ஆளுக்கு நாளுக்கு நூறு லீற்றர் என்றால் நூறு நாளைக்கு வரும். சேதாரம் போக எண்பது. மிச்ச நாளுக்குக் கிணறு. வேப்பிலை பீலியை அடைக்கும் என்று கூரைக்காரர் முறைப்பாடு சொல்வார், நியாயம்தான். ஆனிக்கொருக்கால் ஏணி வைத்து அள்ளவேண்டும். மலக்குழி கிணற்றுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது மரத்தைவிடப் பெரிய விவாதம். சுண்ணாம்புக் கல்லுக்குள் போன அழுக்கு எந்த வழியால் எங்கே போய் ஏறும் என்று கல்லுக்குத்தான் தெரியும்.

காலம் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். குறிகட்டுவானில் சீமெந்தும் கம்பியும் படகேறுவது கடல் அடங்கி மாரி ஓய்ந்த பின்தான். எனவே அத்திவாரம் தையிலோ மாசியிலோ விழும். பனம்பழம் விழுவது ஆவணி, புரட்டாதி. காற்றுப் பக்க எல்லையில் புதுப் பனை வரிசை வேண்டுமென்றால், கட்டட வேலை தொடங்குவதற்கு முந்திய புரட்டாதியிலேயே கொட்டை போட்டுவிட வேண்டும். பாத்தி கட்டிப் போடக் கூடாது. ஆறேழு அடிக்கொன்றாகத் தனித்தனியாகப் போட வேண்டும். பாத்தியாகப் போட்டால் தை மாதத்தில் வேலையாட்கள் கிண்டி, அவித்து, மிளகும் உப்பும் இடித்துத் தின்றுவிடுவார்கள்.