கடல் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படுங்கள்

பவளப்பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் படகேற வேண்டும். குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் உள்ள கடல்சார் தேசியப் பூங்காவில் இரண்டும் வேண்டாம், நடந்தே பார்க்கலாம். ஜாம்நகரிலிருந்து துவாரகை செல்லும் வழியில், சுமார் 60 கி.மீ. தொலைவில் வாடினாரை ஒட்டி இருக்கும் நராரா கடற்கரைதான் அதற்கான இடம். 1980-ல் சரணாலயமாகவும், 1982-ல் நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி இது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் எந்த நாள், எத்தனை மணி என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது.

ஏன் நடக்க முடிகிறது?

நம் மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் மாறும். கட்ச் வளைகுடாவோ வாய் அகன்று, உள்ளே போகப் போகக் குறுகும் புனல் வடிவம் கொண்டது. உள்ளே வரும் நீர் ஒடுங்கிய இடத்தில் மேலெழுவதால், மட்டம் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. வற்றத்தின்போது நராராவின் தட்டையான பாறைத்திட்டு வெளியே தெரிகிறது. அதன் பள்ளங்களில் தேங்கிய நீரில் பவளங்கள், நண்டுகள், கடல் அட்டைகள், கடல் சாமந்திகள், பேத்தை மீன்கள் ஆகியவற்றைக் காணலாம். கவனித்துப் பார்த்தால் பாறையோடு பாறையாக நிறம் மாறி ஒட்டியிருக்கும் பேய்க்கணவாயும் கண்ணில் படும்.

எந்த நாள், எந்த நேரம்?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால் கடல் மிக அதிகமாக வற்றும். அஷ்டமியை ஒட்டி வற்றம் குறைவு. வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 10 மணிக்கென்றால் நாளை 10.50-க்கு. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் ஓகா துறைமுகத்தின் நேரத்தைப் பார்த்து, பகலில் வற்றம் விழும் நாளைத் தேர்ந்தெடுங்கள். இடத்துக்கு இடம் நேரம் சற்று மாறும் என்பதால் ஜாம்நகர் வனத்துறையிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும்.

கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே திட்டில் இறங்குவது நல்லது. கடல் திரும்பத் தொடங்கியதும் நீங்களும் திரும்பிவிட வேண்டும். ஏற்றம் முதல் ஒரு மணி நேரம் மெதுவாக இருந்து, மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் வேகமெடுக்கும். கரைக்கும் உங்களுக்கும் நடுவிலுள்ள வாய்க்கால்கள்தான் முதலில் நிரம்பும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.

என்ன வேண்டும்?

வனத்துறை அனுமதிக்கு அடையாள அட்டை அவசியம். பாறையில் ஒட்டிய சிப்பி ஓடுகள் கத்திபோல் வெட்டும். செருப்பு போதாது, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய ஷூ வேண்டும். திட்டில் நிழலே கிடையாது. தொப்பி, குடிநீர், மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள். தமிழகத்திலிருந்து செல்வோருக்கு ராமேஸ்வரம் - ஓகா, தூத்துக்குடி - ஓகா வாராந்திர ரயில்கள் ஜாம்நகர் வழியே செல்கின்றன. வற்றம் காலையில் அமைந்தால், மாலைப் பொழுதை ஜாம்நகரை அடுத்த கிஜாடியா பறவைகள் சரணாலயத்துக்கு ஒதுக்கலாம்.

எதைச் செய்யக் கூடாது?

தொட்டால் உப்பிக்கொள்ளும் என்பதற்காகப் பேத்தை மீனைத் தூக்கிப் படமெடுக்கும் ஆசை பலருக்கும் வரும். அது உப்புவது அச்சத்தால். நீருக்கு வெளியே அது காற்றை விழுங்கிவிட்டால், வெளியேற்ற முடியாமல் செத்தும் போகலாம். வழிகாட்டியே எடுத்துக் காட்ட முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். பவளத்தை எடுத்துவருவது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கலங்கல் நீர், கடும் வெயில், மிகுந்த உப்பு ஆகியவற்றைத் தாங்கித்தான் இந்தப் பவளங்கள் வாழ்கின்றன. எண்ணெய்க் கப்பல்கள் வந்துபோகும் வாடினார் துறைமுகமும் பக்கத்திலேயே இருக்கிறது. பவளங்களின் மேல் நம் காலடியும் விழ வேண்டாம். மணல் தெரியும் இடம் பார்த்து நடந்தால் போதும்.