முகப்பூச்சு: பூசும் முன் சருமத்தை அறிவோம்

தீபாவளி, திருமணம், பட்டமளிப்பு என ஏதாவது ஒரு நாள் நெருங்கும்போதுதான் பலருக்கு முகத்தின் நினைவு வருகிறது. அடுக்களை எலுமிச்சையும் இரவுச் சந்தையில் வாங்கிய ‘ஏழே நாளில் வெள்ளை’ கிரீமும் ஒரே முகத்தில் ஏறுகின்றன. பளபளப்பு வராவிட்டால் நட்டமில்லை. ஆனால், மாநிற, கறுப்புச் சருமத்தில் சிறு எரிச்சல்கூட கரும்புள்ளியாக மாறி, மாதக்கணக்கில் தங்கிவிடும்.

எனவே, முதலில் சருமத்தின் தன்மையை அறிய வேண்டும். முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். நெற்றியும் மூக்கும் மினுமினுத்தால் எண்ணெய்ச் சருமம். தோல் இழுத்துப் பிடித்தால் வறண்ட சருமம்.

எண்ணெய்ப் பசையும் பருவும்

முல்தானி மட்டி போன்ற களிமண் பூச்சுகள் அதிகப்படியான எண்ணெய்யை உறிஞ்சும். வெறும் தண்ணீரில் குழைத்து, வாரம் ஒன்றிரண்டு முறை, 10 நிமிடம் பூசினால் போதும். காய்ந்து வெடிக்கும்வரை விட்டால் தோல் வறண்டு எரியும். சீழ்ப் பரு இருந்தால் தேய்க்காமல் மெதுவாகக் கழுவ வேண்டும்.

வறட்சி

நாள் முழுவதும் ஏர்கோன் அறையில் இருப்பவர்களுக்குக் களிமண் ஒத்துவராது. கிளிசரின், ஹயாலுரோனிக் அமிலம் கலந்த ஷீட் மாஸ்க் பொருந்தும். 15 முதல் 20 நிமிடத்தில், அது காய்வதற்கு முன்பே எடுத்துவிட்டு, ஈரப்பதம் காக்கும் கிரீம் பூச வேண்டும்.

மங்கும் கரும்புள்ளியும்

இவற்றை எந்த முகப்பூச்சும் தனியாகப் போக்கிவிடாது. வெயில் பட்டால் மங்கு மேலும் கறுக்கும். தோட்டத்திலும் கட்டுமானத் தளத்திலும் வேலை செய்வோருக்கு அகலத் தொப்பியும் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனும்தான் முதல் மருந்து.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவவே கூடாது. அதன் அமிலம் தோலை அரிக்கும். அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் வெயிலோடு சேர்ந்தால் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகும்.

வாங்கும்போது கவனம்

மலேசியாவில் விற்கப்படும் அழகுப் பொருளுக்கு, தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ-வின் எண் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘என்ஓடி’ எனத் தொடங்கி ‘கே’ என முடியும் அந்த எண்ணை அதன் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எண் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் கலந்திருக்கலாம். பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பிணியின் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் ஆபத்து. முதல் வாரத்தில் முகம் வெளுப்பதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வீட்டில் அரைத்ததோ கடையில் வாங்கியதோ, எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 2 நாள் பார்க்க வேண்டும். சிவப்போ அரிப்போ வந்தால் அது முகத்துக்கு வேண்டாம்.

வலியுள்ள கட்டிப் பரு, பரவும் மங்கு, கிரீம் பூசியபின் வீக்கம் என்றால் முகப்பூச்சை நிறுத்திவிட்டு அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குச் செல்லலாம். பூசிய பொருளின் டப்பாவையும் கையோடு கொண்டுபோனால், காரணத்தைக் கண்டறிய மருத்துவருக்கு உதவும்.