குடலில் குடியிருப்போர்

மும்பையில் பட்டு வியாபாரம் செய்ய வந்து நாற்பது வருஷம் ஓடிவிட்டது. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி.தான், மருத்துவம் என் துறையல்ல. ஆனாலும் 2019இல் வந்த ஒரு வயிற்றுக் கோளாறு என்னைப் புத்தகம் தேட வைத்தது. தேடிக் கண்டதை மலர் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அப்போது எனக்கு ஈறு வீக்கம். டாக்டரிடம் போகச் சோம்பல். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி, கிளிண்டாமைசின் வாங்கி நானே விழுங்கினேன். வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. நாளைக்குப் பன்னிரண்டு தடவை. 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று நானே முடிவு செய்து இன்னொரு ஆன்டிபயாட்டிக் போட்டேன். நிலைமை முற்றியது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, போன மாசம் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

70 கிலோ எடையுள்ள ஒரு மனிதனின் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. அவனிடம் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. இது 2016இல் வெளியான மதிப்பீடு. இத்தனையும் சேர்ந்து 200 கிராம் எடைதான். பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது.

இவை வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள் அல்ல. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முக்கிய ஆகாரம். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் உண்டு. அவை யாருக்கு? குழந்தையின் குடலில் வளரும் பிஃபிடோபாக்டீரியாவுக்கு! தாய் தன் பிள்ளைக்கு மட்டுமல்ல, பிள்ளையின் காவலாளிக்கும் சேர்த்தே பால் சுரக்கிறாள்.

காவல் என்றேன் அல்லவா? காலி அறை இருந்தால் யார் வந்து புகுவார்கள் என்பது மும்பைக்காரர்களுக்குத் தெரியும். ஆன்டிபயாட்டிக் நல்லது கெட்டது பார்க்காமல் குடித்தனக்காரர்களைக் காலி செய்கிறது. அப்போது புகுந்துகொள்ளும் ரவுடிதான் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில். இது வித்து வடிவில் மருந்துக்குத் தப்பிக் கிடக்கும். சாதாரண நாளில் நல்ல பாக்டீரியாக்கள் அதன் உணவைப் பறித்துக்கொள்ளும். பித்தநீர் அமிலங்களை மாற்றியும் அதை வளரவிடாமல் தடுக்கும். அவை போனால் அது பெருகி நஞ்சைக் கக்கும். ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்று 1978இல் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு வான்கோமைசின் கொடுத்துக் குணமாக்கினார்கள். சிலருக்கு நோய் திரும்பத் திரும்ப வரும். அவர்களுக்கான வைத்தியம் கேட்டால் முகம் சுளிப்பீர்கள். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சோதித்து, கரைத்து, நோயாளியின் குடலில் செலுத்துகிறார்கள்! 1958இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர் நான்கு பேருக்கு இதைச் செய்தார். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேரே தேறினார்கள். காலி வீட்டில் மறுபடி நல்லவர்களைக் குடியேற்றும் வேலை இது.

ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டைபாய்டுக்கும் நிமோனியாவுக்கும் அது உயிர் காக்கும் மருந்து. வைரஸால் வரும் ஜலதோஷத்துக்கு அது எதற்கு? டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது என்பது சட்டம். முக்கியமான சில மருந்துகளுக்கு 2014 முதல் கடைக்காரர் தனிப் பதிவேடும் வைக்க வேண்டும். ஆனால் வாங்குகிற நாமே பழைய சீட்டை நீட்டினால் சட்டம் என்ன செய்யும்?

சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். "கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்குப்பா, தண்ணியை வடிகட்டிக் குடி" என்பார் என் அம்மா. இன்றைய விஞ்ஞானம் அன்றே அவருக்குத் தெரியும் என்று பெருமை பேச வரவில்லை. அவர் சொன்னது கருணை. அந்த உயிர்களுக்கு நாம் காட்டும் தயவு என்றே அதை இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவற்றின் தயவில்தான் நான் நடமாடுகிறேன் என்பதை அந்த மாத்திரைதான் சொல்லிக்கொடுத்தது.