உன்னால் எவ்வளவு வேகமாகப் பேச முடியும்?



அம்மாவின் செல்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, மடிக்கணினியிலோ டேப்லெட்டிலோ பாடம் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலான மடிக்கணினிகளில் சிம் அட்டை கிடையாது. செல்பேசி டவரோடு அவற்றுக்குப் பேசத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் ஒரு செல்பேசி இருந்தால் போதும், உலகம் முழுவதும் உள்ள கணினிகளோடு பேசிவிடுகின்றன. இது எப்படி நடக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ள, நீங்கள் பிறப்பதற்கு முன்பே வந்த ஒரு குட்டிக் கணினியிலிருந்து தொடங்குவோம். இன்று ஒரு பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும் வேலைகளை அன்று ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது.

சட்டைப் பைக்குள் ஒரு கணினி

அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர், சட்டைப் பையில் அடங்கும் கணினி ஒன்றைச் செய்ய விரும்பினார். எந்த அளவில் இருந்தால் கைக்கு வசதி என்று தெரிந்துகொள்ள, முதலில் ஒரு மரக்கட்டையை அந்த அளவில் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டார். குறிப்பு எழுத வேண்டிய நேரத்தில் கட்டையை வெளியே எடுத்து, ஒரு குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோலச் செய்து பார்த்தார். இப்படி உருவான ‘பைலட்’ என்ற கையடக்கக் கணினி 1996இல் விற்பனைக்கு வந்தது. அதன் தொடக்க மாதிரியின் நினைவகம் 128 கிலோபைட். இன்று நாம் எடுக்கும் ஒரு புகைப்படம் 3 மெகாபைட் என்றால், அந்த ஒரு படத்தைச் சேமிக்கவே அப்படி 24 கணினிகள் வேண்டும்!

நம் நாட்டிலும் இந்த முயற்சி நடந்தது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் என்ற நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து, எளிய மக்களும் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்தார்கள்.

இந்தக் கணினிகளில் முகவரிகள், நாட்குறிப்பு, கணக்கு எல்லாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியூரில் இருக்கும்போது மின்னஞ்சல் பார்க்க அவற்றால் தனியாக முடியாது. அன்றைய செல்பேசிக்கு டவரோடு பேசத் தெரியும். ஆனால் அதன் திரையில் நாலைந்து வரிக்கு மேல் தெரியாது. ஒன்றிடம் திரை இருக்கிறது, மற்றொன்றிடம் டவர் தொடர்பு இருக்கிறது. இரண்டையும் பேச வைத்தால் வேலை முடிந்தது அல்லவா?

கண்ணுக்குத் தெரியாத விளக்கு

பைலட்டைத் தொடர்ந்து 1998இல் வந்த ‘பாம் 3’ கணினியின் மேல்விளிம்பில் ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டு இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சிறிய அகச்சிவப்பு விளக்கு. அகச்சிவப்பும் ஒளிதான், ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது. அன்றைய பல செல்பேசிகளிலும் இதே போன்ற விளக்கு இருந்தது. இரண்டையும் மேசைமேல் எதிரெதிராக, ஒரு மீட்டருக்குள் வைத்தால் அவை பேசத் தொடங்கும்.

எப்படிப் பேசும்? கணினிக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே எண்கள். 0 என்றால் விளக்கு ஒரு கணம் மின்னும். 1 என்றால் மின்னாது. இப்படி ஒவ்வொரு 0அல்லது 1க்கும் பிட் என்று பெயர். நொடிக்கு 1,15,200 பிட்கள் வரை அனுப்பலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் அந்த வேகத்தில் பேசாது. எதிரில் இருப்பது எந்த நிறுவனத்தின் கருவியோ, அதற்கு எந்த வேகம் புரியுமோ, யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான 9,600 பிட் வேகத்தில்தான் இரண்டும் பேச்சைத் தொடங்கும். “உன்னால் எவ்வளவு வேகமாகப் பேச முடியும்?” என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். இரண்டுக்கும் முடிந்த அதிக வேகம் எதுவோ, அதற்குச் சேர்ந்து மாறும். இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பல இடங்களில் இதே பண்பைப் பார்க்கப் போகிறோம்.

செல்பேசி மோடம் ஆகிறது

இரண்டும் பேசத் தொடங்கிவிட்டன. அடுத்து, கணினி செல்பேசிக்குக் கட்டளை இட வேண்டும். இதற்குப் புதிய மொழி எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தொலைபேசிக் கம்பியில் கணினிகளை இணைத்த கருவிக்கு மோடம் என்று பெயர். 1981இல் ஹேய்ஸ் என்ற நிறுவனம் தன் மோடத்துக்காக ஒரு கட்டளை முறையை உருவாக்கியிருந்தது. கட்டளைகள் ‘ஏ’, ‘டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. அதனால் செல்பேசியும் அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. “இந்த எண்ணைக் கூப்பிடு” என்று கணினி சொன்னால், செல்பேசி அழைக்கும்.

மறுமுனையில் இணைய நிறுவனத்தின் கணினி எடுத்துப் பேசும். அங்கேயும் முதலில் பேச்சுவார்த்தைதான். பிபிபி என்ற நெறிமுறைப்படி, “இப்படிப் பேசலாமா?” என்று ஒன்று கேட்கும். மற்றது “சரி” என்று சொல்லும், அல்லது “அது வேண்டாம், இப்படி வைத்துக்கொள்வோம்” என்று திருத்தும். பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்த்த பிறகு, கையடக்கக் கணினிக்கு ஓர் ஐபி முகவரி கிடைக்கும். முகவரி கிடைத்துவிட்டால் அதுவும் இணையத்தில் ஓர் உறுப்பினர்.

ஒரு கணக்குப் போடுவோமா?

அன்றைய ஜிஎஸ்எம் செல்பேசி அழைப்பு வழியே நொடிக்கு 9,600 பிட்கள் போகும். ஒரு பைட்டுக்கு 8 பிட். 1,000 எழுத்துகள் உள்ள ஓர் ஆங்கில மின்னஞ்சல் என்றால் 8,000 பிட். ஒரு நொடிக்குள் வந்துவிடும். அதே 3 மெகாபைட் புகைப்படம் என்றால் 2,40,00,000 பிட். அதை 9,600ஆல் வகுத்தால் 2,500 நொடி, அதாவது ஏறத்தாழ 42 நிமிடம்! அவ்வளவு நேரமும் தொலைபேசி அழைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடக் கணக்கில் கட்டணமும் ஏறும்.

அடுத்து வந்த ஜிபிஆர்எஸ் முறை இந்த வழக்கத்தை மாற்றியது. தகவலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அனுப்ப ஏதாவது இருக்கும்போது மட்டும் அலைவரிசையைப் பயன்படுத்தியது. நேரத்துக்குப் பதிலாகத் தகவலின் அளவுக்குக் கட்டணம் வாங்க முடிந்தது. கணினி அப்போதும் பழைய கட்டளையில்தான் “*99# என்ற எண்ணைக் கூப்பிடு” என்று சொல்லும். அதை உண்மையான தொலைபேசி எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், செல்பேசி ஜிபிஆர்எஸ் இணைப்பைத் திறந்துவிடும்.

அகச்சிவப்பு விளக்கின் இடத்தைப் புளூடூத் பிடித்தது. செல்பேசி பைக்குள்ளே இருந்தாலும் பரவாயில்லை, எதிரெதிராக வைக்க வேண்டியதில்லை. புளூடூத் 79 அலைவரிசைகளுக்குள் நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே பேசும். ஓர் அலைவரிசையில் இடையூறு இருந்தாலும் அடுத்த கணம் வேறொன்றுக்குப் போய்விடும். எந்த வரிசையில் தாவ வேண்டும் என்பதை இரண்டு கருவிகளும் முன்பே ஒத்துக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் ஒன்று ஓரிடத்தில் பேசும், மற்றொன்று வேறிடத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

ஹாட்ஸ்பாட்டுக்குள் என்ன நடக்கிறது?

இப்போது அம்மாவின் செல்பேசிக்கு வருவோம். அது வைஃபை அலையில் மடிக்கணினியோடு பேசுகிறது. நீங்கள் தட்டிய கடவுச்சொல்லை மடிக்கணினி காற்றில் அனுப்புவதில்லை. இரண்டு கருவிகளும் தற்செயலாகத் தேர்ந்த எண்களைப் பரிமாறிக்கொள்ளும். அவற்றைக் கடவுச்சொல்லோடு சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடை பொருந்துகிறதா என்று சரிபார்க்கும். கடவுச்சொல் தெரியாதவருக்கு விடை பொருந்தாது. அதனால்தான் எளிதில் ஊகிக்க முடியாத நீளமான கடவுச்சொல்லை வைக்க வேண்டும்.

பிறகு செல்பேசி ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள்முகவரி கொடுக்கிறது. அது இந்த ஹாட்ஸ்பாட்டுக்குள் மட்டும் செல்லும். வெளி இணையத்துக்குப் போகும்போது எல்லாக் கோரிக்கைகளும் செல்பேசியின் ஒரே முகவரியில்தான் போகின்றன.

ஓட்டலில் சர்வர் அண்ணன் செய்வதை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் மேசைக்கு ரவா தோசை, ஐந்தாம் மேசைக்குப் பொங்கல் என்று அவர் எழுதிக்கொள்கிறார். சமையலறைக்கு அவரை மட்டும்தான் தெரியும், சாப்பிடுபவர்களைத் தெரியாது. ஆனாலும் தோசை சரியான மேசைக்கு வருகிறது. செல்பேசியும் இப்படித்தான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, அதைக் கேட்டது மடிக்கணினியா, டேப்லெட்டா என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் எண்ணைப் பார்த்து உரிய கருவிக்கு அனுப்புகிறது. நீங்கள் ஒரு பாடத்தைப் பார்க்கும் நேரத்தில் இது எண்ணற்ற முறை நடந்துவிடும்.

செய்து பாருங்கள்

பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைச் செல்பேசி கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர்ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னலாம். அதுதான் அகச்சிவப்பு ஒளி. சில கேமராக்கள் அதை வடிகட்டிவிடும். அப்போது முன்பக்கக் கேமராவில் முயன்று பாருங்கள்.

அடுத்து, ஹாட்ஸ்பாட்டோடு சேர்ந்த மடிக்கணினியின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைத் தேடுங்கள். பெரும்பாலும் 192.168, 172.20, 10 போன்ற எண்களில் ஒன்றில் அது தொடங்கும். இவை உள்முகவரிகளுக்கென்றே ஒதுக்கிய எண்கள்.

விளக்கு, அலை, வேகம் எல்லாம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அவற்றோடு ஒரு பண்பு மாறாமல் வந்திருக்கிறது: பேசுவதற்கு முன் எப்படிப் பேசுவது என்று கேட்டு ஒத்துக்கொள்வது. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த விதிகளை எழுதினார்கள். 1998இல் புளூடூத்துக்காக எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய 5 நிறுவனங்கள் கூட்டமைப்பு தொடங்கியதும் இதற்காகத்தான். நாளைக்கு நீங்களும் ஒரு கருவியை உருவாக்கலாம். அது தனியாக எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறு யாரோ செய்த கருவியோடு அதற்குப் பேசத் தெரிகிறதா என்றும் சோதித்துப் பாருங்கள்.