வீட்டில் பவளத் தொட்டி: உப்பை விட வெப்பமே கவலை

கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடுகிறது. பவள உயிரிகளுக்கோ 25, 26 டிகிரியே இதம். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் வெளுத்து மடியும். எனவே தொட்டி வாங்கும் முன்பே குளிரூட்டும் கருவிக்கும் மின்கட்டணத்திற்கும் கணக்குப் போடுங்கள்.

குழாய் நீரில் குளோரின் உண்டு. ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரையுங்கள். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத நீரால் நிரப்புங்கள்.

மீன் கழிவின் அம்மோனியா நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரமாகும். அதுவரை மீன் விட வேண்டாம்.

தியோமான், ரெடாங் கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். கடையிலும் வளர்ப்புப் பவளத்தையே கேட்டு வாங்குங்கள்.