இரவு பத்தரை மணிப் பசி

வீட்டில் எல்லோரும் படுத்துவிட்ட பிறகு, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கும் வியாஜத்தில் சமையலறைக்குள் நுழைந்து, ஓசை எழாதபடி எவர்சில்வர் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்து, நின்றபடியே இரண்டு முறுக்கையோ ஒரு பிடி மிக்ஸரையோ வாயில் போட்டுக்கொள்ளும் மனிதரை நாம் எல்லோரும் அறிவோம். அவர் அன்று காலையில் சர்க்கரை இல்லாத காப்பி குடித்தவர். காலைப் பலகாரத்தை வேண்டாமென்று ஒதுக்கியவர். அலுவலகத்தில் யாரோ பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த மைசூர்பாகைக் கைகூப்பி மறுத்தவர். மத்தியானம் வழக்கமாக உண்ணும் சாதத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டு, இரவில் இரண்டே சப்பாத்தியோடு எழுந்தவர். பதினைந்து மணி நேரம் காத்த விரதம் பத்து நிமிஷத்தில் கலைந்துபோகிறது. மறுநாள் காலை, நேற்றையதைக் காட்டிலும் கடுமையான பிரதிக்ஞை ஒன்றை அவர் செய்துகொள்கிறார்.

நான்கு ஆண்டுக் காலம் அந்த மனிதனாக நானே இருந்திருக்கிறேன். எனக்கு வைராக்கியம் போதவில்லை என்றே அந்த நான்கு ஆண்டும் நம்பினேன். பகல் முழுவதும் இத்தனை பேருக்கு நடுவிலும் இத்தனை பண்டங்களுக்கு நடுவிலும் அசையாமல் நிற்கக்கூடிய ஒருவனுடைய மனோதிடம், இரவில் ஒரு டப்பாவுக்கு முன்னால் மட்டும் ஏன் கரைந்துபோக வேண்டும் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அது தோன்றிய பிறகு, இவ்விஷயத்தைப் பற்றி அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியவற்றைத் தேடிப் படித்ததில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று: இரவில் நாம் தின்னும் தீனியின் மூலகாரணம் பெரும்பாலும் அன்றைய பகலிலேயே இருக்கிறது. பகலில் வாங்கிய கடனை தேகம் இரவில் வசூலிக்கிறது; அதுவும் நாம் தனித்து, களைத்து, காவலின்றி இருக்கும் வேளை பார்த்து வசூலிக்கிறது.

இந்தக் கடன் எத்தனை வலியது என்பதை அறிய, இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியை நினைவுகூர வேண்டும். யுத்தத்தால் பட்டினியில் வாடிய ஜனங்களை எவ்விதம் ஆகாரம் கொடுத்துத் தேற்றுவது என்று கண்டறியும் பொருட்டு, ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர், மனச்சாட்சியின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுத்திருந்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, 1945-ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அவர்களை அரைப்பட்டினியில் வைத்தார். வாரத்துக்கு 22 மைல் நடக்கவேண்டியிருந்த அவர்களுக்கு நாளொன்றுக்குக் கிடைத்த ஆகாரம் ஏறத்தாழ 1,600 கலோரி. இன்று உடல் மெலிய விரும்பும் பலர், வைத்தியரைக் கேளாமல் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் அளவு இதைவிடக் குறைவானது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உயர்ந்ததொரு லட்சியத்துக்காகத் தாமே முன்வந்த அந்த இளைஞர்கள், நாளடைவில், சாப்பாட்டைத் தவிர வேறெதையும் சிந்திக்க இயலாதவர்களானார்கள்; அதற்குமுன் அடுப்படியை எட்டிப் பார்த்திராதவர்கள் கூடச் சமையல் புத்தகங்களை ஆசையோடு படித்தார்கள்; உண்ட தட்டை நக்கினார்கள்; உணவைக் கனவில் கண்டார்கள். வெளியே சென்றபோது ஒருசிலர் விதியை மீறித் தின்றுவிட்டதால், துணையின்றி எவரும் போகக்கூடாதென்று ஏற்பாடு செய்யவேண்டியதாயிற்று. ஊராரின் பழிப்புக்கு அஞ்சாமல் கொள்கையில் நின்ற அவர்களுடைய வைராக்கியத்தை ஐயுறுவதற்கு இடமே இல்லை. அவர்களையே பசி அவ்வாறு ஆட்டிவைத்தது என்றால், சர்க்கரையில்லாத காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் பேருந்து ஏறும் நம்மைப் போன்றவர்களை அது இரவில் விட்டுவிடும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் நியாயமாகும்?

கடன் ஒருபுறமிருக்க, காலமும் நமக்கு எதிராகவே இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கூடிய சிறு தொகுதி ஒன்று, பகலையும் இரவையும் அறிந்து, நித்திரை முதலிய தேக காரியங்களை ஒரு கடிகாரம் போல நடத்திவருகிறது. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பசியும் இந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதே. பொழுது இன்னதென்று தெரியாதபடி மங்கிய ஒளியில் 12 பேரைப் பல நாட்கள் தங்கவைத்து, 2013-இல் முடிவுகள் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், அவர்கள் எப்பொழுது உண்டிருந்தாலும் எப்பொழுது உறங்கியிருந்தாலும், உட்கடிகாரத்தின் கணக்குப்படி காலை எட்டு மணியளவில் பசி மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணியளவில் மிக அதிகமாகவும் இருக்கக் காணப்பட்டது. அந்த வேளையில் ஆசை சென்ற இடமும் கவனிக்கத்தக்கது: இனிப்பு, உப்பு, மாவுப் பண்டம். நம் வீட்டு டப்பாக்களில் இருப்பவை வேறு எவை? காலையில் பசியில்லை என்று பலகாரத்தைத் தள்ளிவிட்டு அதை ஒரு வெற்றியாக எண்ணிக்கொள்கிறவர், இயற்கையே அந்த வேளையில் பசியை மட்டுப்படுத்தி வைத்திருப்பதை அறியாமல், கடினமான வேளைக்குரிய பலத்தைச் சுலபமான வேளையில் செலவழித்துவிடுகிறார்.

இவற்றோடு தூக்கக் குறைவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். உடலில் லெப்டின் என்னும் ஹார்மோன் 'போதும்' என்கிறது. கிரெலின் என்னும் ஹார்மோன் 'கொண்டுவா' என்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பரிசோதித்தபோது, பத்து மணி நேரம் படுக்கவிட்ட நாட்களோடு ஒப்பிட, லெப்டின் 18 சதவீதம் குறைந்தும் கிரெலின் 28 சதவீதம் கூடியும் இருந்ததாக 2004-இல் எழுதினார்கள். இரவு ஒரு மணி வரை கைப்பேசியின் ஒளியில் விழித்திருந்துவிட்டு மறுநாள் பத்தியம் காக்க முயல்கிறவர், கரையை உடைத்துவிட்டு வெள்ளத்தைத் தடுக்க முயல்கிறார்.

ஒரே பண்டம் பகலில் ஒரு கலோரிக் கணக்கும் இரவில் வேறொரு கணக்கும் கொண்டிருப்பதில்லை என்பது மெய்தான். எனினும், பருத்த உடலினர் 16 பேருக்கு அதே உணவை அதே அளவில் நான்கு மணி நேரம் தாமதித்துக் கொடுத்து, 2022-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், அவர்களுக்குப் பசி மிகுந்தும், விழித்திருக்கும் வேளையில் தேகம் செலவிடும் சக்தி குறைந்தும் காணப்பட்டது. வடதமிழகத்தில் மேல்சித்தாமூரைச் சுற்றிய ஊர்களிலும் பிற இடங்களிலும் வாழும் தமிழ்ச் சமணர்களிடையே, பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நியமம் தொன்றுதொட்டு இருந்துவருகிறது. அவர்கள் அதை மேற்கொண்டது உயிர்களுக்கு இம்சை நேராதிருக்கும் பொருட்டேயன்றி, உடல் மெலியும் பொருட்டன்று. ஆயினும் வேறொரு வழியாக விஞ்ஞானம் அந்தத் திசைக்கே வந்து சேர்வதைக் காண எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இந்த இடத்தில் 'பத்தியம்' என்ற நம்முடைய பழைய சொல்லை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. வடமொழியில் அது பாதை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்து, பாதைக்கு இசைந்தது என்ற கருத்தைத் தருவது. எதை விலக்குவது என்பதோடு, எதை எந்த வேளையில் கொள்வது என்பதையும் நம் வைத்தியர்கள் அதில் அடக்கினார்கள். இன்றைக்கோ, 'டயட்' என்றால் உண்ணாமலிருப்பது என்ற பொருள் மட்டுமே மக்கள் மனத்தில் மிஞ்சியிருக்கிறது.

நம் வீடுகளில் மாலைச் சிற்றுண்டி என்று ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைக்கும் வேலை விட்டு வரும் தகப்பனாருக்கும் ஐந்து மணிவாக்கில் சுண்டலோ, பயறோ, வெறும் அவலோ காத்திருக்கும். அந்த வேளை நகர வாழ்க்கையில் மெல்ல மறைந்துபோய், ஒரு மணிக்கு உண்டவர் ஒன்பதரை மணி வரை தேநீரைக் கொண்டே காலத்தைத் தள்ளுகிறார். நான் செய்த முதல் காரியம், அந்த ஐந்து மணியை மீட்டதே. காலையில் வயிறு நிறைய உண்ணத் தொடங்கினேன். அலுவலகத்துக்குச் சிறு டப்பாவில் வேகவைத்த கொண்டைக்கடலை எடுத்துச் சென்றேன். வெந்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 160 கலோரியும் 9 கிராம் புரதமும் உண்டு. எண்ணெயில் பொரித்த மிக்ஸர் 30 கிராம், அதாவது ஒரு பெரிய பிடி, ஏறக்குறைய அதே கலோரியைத் தந்துவிட்டு, பத்து நிமிஷத்தில் இன்னொரு பிடியைக் கேட்கும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவந்தேன். முதல் வாரத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரத்தில் ஓரிரவு, சமையலறையைக் கடந்து படுக்கைக்குச் சென்ற பிறகுதான், டப்பாவின் ஞாபகமே வரவில்லை என்பதை உணர்ந்தேன்.

மற்றவை சிறிய உபாயங்கள். ஆயினும் உதவாதவை அல்ல. பண்டத்தைக் கண்ணுக்கெட்டாத பரணில் வைப்பதும், உண்டு முடித்தவுடன் பல் துலக்கிவிடுவதும், சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீரை மெதுவாகக் குடிப்பதும் எனக்குப் பயன்பட்டன. ஆசை எழும்போது அதனோடு மல்லுக்கட்டாமல் கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்தால், அலை போல உயர்ந்து தானே தணிந்துவிடுவதை எவரும் சோதித்துக்கொள்ளலாம். அப்படித் தணியாமல் வயிறு உண்மையாகவே காந்தினால், அது பசி. அப்போது ஒரு கோப்பை பாலையோ மோரையோ தட்டின் முன் அமர்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, திருட்டுத்தனமின்றிக் குடிப்பதில் பாவமில்லை.

ஆனால் எல்லா இரவுத் தீனியும் வயிற்றின் காரியமன்று. நம் வீட்டுப் பெண்களைப் பற்றி இங்கே சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, எல்லோருக்கும் டப்பா கட்டி அனுப்பி, தானும் வேலைக்குப் போய்த் திரும்பி, மாமியாருக்கு மாத்திரையும் குழந்தைக்கு வீட்டுப்பாடமும் கவனித்து, எல்லோரும் உண்ட பிறகு மீந்ததைத் தான் உண்டு, பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவை எடுத்துவைத்து, பத்தரை மணிக்கு நாற்காலியில் சாயும் பெண்ணுக்கு, அந்நாளில் தனக்கென்று வாய்த்த முதல் அரைமணி நேரம் அதுதான். யாரும் கேட்காத, யாருக்கும் பங்கிட வேண்டாத ஒரே பொருள் கையிலிருக்கும் அந்தச் சிறு தட்டு. அவளிடம் போய் இரவில் தின்னாதே என்று உபதேசிப்பது கொடுமை என்று நான் கருதுகிறேன். அவள் எட்டு மணிக்கு மற்றவர்களோடு உட்கார்ந்து சூடாக உண்பதற்கும், மாலையில் அரைமணி நேரம் ஒருவரும் அழைக்காமல் இருப்பதற்கும் வீட்டிலுள்ளவர்கள் வழிசெய்தால், பாதி வைத்தியம் அப்போதே முடிந்துவிடும்.

வைத்தியரிடமே போகவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. காலையில் உணவைப் பார்க்கவே பிடியாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைய ஆகாரத்தில் கால்பங்குக்கு மேல் உண்டு, நடுநிசியில் விழித்தெழுந்தும் தின்றால்தான் மறுபடி தூக்கம் வரும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு உள்ளது ஒரு நோய்; ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்னும் அமெரிக்க மனநோய் மருத்துவர் அதை 1955-ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார், சிகிச்சையும் இருக்கிறது. அதுபோலவே, இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், நீரிழிவுக்கான சிலவகை மாத்திரைகளை உட்கொள்பவர்களும், இரவு ஆகாரத்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. தூக்கத்தில் ரத்தத்தின் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்வையும் நடுக்கமும் கலந்த பசியால் விழிப்பவர் அதைச் சபலம் என்று எண்ணி அடக்கலாகாது.

சென்ற தீபாவளி வாரத்தில் தங்கை அனுப்பியிருந்த அதிரசத்தில் மூன்றை, இரவு பதினொரு மணிக்கு மேல், பழைய வழக்கப்படி நின்றவாறே தின்றுவிட்டேன். விடிந்ததும் மனம் பழைய தடத்திலேயே சென்று, காலைப் பலகாரம் வேண்டாம், காப்பி மட்டும் போதும் என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு முந்தின இரவு நடந்தது தெரியும். "பேசாம உட்காருங்க. மூணு இட்லி வெச்சிருக்கேன்" என்றாள். உட்கார்ந்து மூன்றையும் உண்டேன். மத்தியானம் வழக்கம்போலச் சாதம். ஐந்து மணிக்குக் கடலை. எட்டு மணிக்குச் சாப்பாடு. மிச்ச அதிரசம் அன்றிரவும் அதே டப்பாவில்தான் இருந்தது. பத்தரை மணிக்கு நான் தூங்கிப்போயிருந்தேன்.